அப்பாச்சியின் கல்வெட்டில் என்ன எழுதலாம்? அந்தியேட்டிக்கு 19 நாள் இருக்கு

பதிவு 1 | குளக்கட்டான்

வணக்கம் உறவுகளே. எங்கள் அப்பாச்சி, அப்பாவின் அம்மா, காலமாகி இன்றைக்குப் பன்னிரண்டு நாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்கும் பொறுப்பை அப்பாவும் மாமிமாரும் என்னிடம் தந்திருக்கிறார்கள். வீட்டில் கணினி தெரிந்தவன் நான் என்பதுதான் காரணம்.

அச்சகத்தில் மாதிரிக்கு நாலைந்து கல்வெட்டுத் தந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கு. பிள்ளையார் வணக்கம், தேவாரம், சிவபுராணம், திதி வெண்பா, வமிச வழி, அப்புறம் பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். பெயரை மாற்றினால் எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும். "பேரும் திகதியும் தாங்கோ தம்பி, மிச்சம் எங்களிட்டை இருக்கு" என்றார் அச்சகக்காரர். நல்ல மனிதர், வேலையைச் சுகமாக்கத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மனம் வரவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகிற ஒரு சிறு குளத்துக் கிராமம் எங்களுடையது. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. அப்பாச்சிக்கு ஏழு பிள்ளைகள். அப்பப்பா 1984 இல் வயலில் பாம்பு கடித்துச் செத்துப்போனார். கடைசிப் பிள்ளைக்கு அப்போது நாலு வயது. அதற்குப் பிறகு வயலும் மாடும் பிள்ளைகளும் இவர் ஒருவர் கையில். அதோடு ஊர் மாதர் சங்கம், முன்பள்ளிக் கஞ்சி, குளத்துப் பொங்கல், மரண உதவிச் சங்கம் எல்லாவற்றிலும் அவர்தான் நின்றார். மரணச் சங்கத்துக்கு மட்டும் நாற்பது வருசத்துக்கு மேல் பொருளாளர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட ஆள்.

எங்கள் வீட்டில் அடுப்பில் உலை கொதித்ததும் அரிசி அளந்து போடுவார்கள் அல்லவா, அளந்த அரிசியில் இருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருந்த மாவுப் பேணிக்குள் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார். பிடியரிசி. கஷ்ட காலத்திலும் அந்தப் பிடி நிற்கவில்லை, கொஞ்சம் சிறிதாகியது, அவ்வளவுதான். பேணி நிறைந்ததும் அது எந்த வீட்டுக்குப் போகும் என்று அவருக்குத்தான் தெரியும். எங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லும்போது, "அப்பாச்சி தந்தவ எண்டு சொல்லாத, சங்கத்தாலை எண்டு சொல்லு மோனை" என்பார். அப்படிச் சங்கத்தால் வந்த அரிசி எதுவும் இல்லை என்று பெரிய ஆளான பிறகுதான் எனக்கு விளங்கியது.

இதை எல்லாம் எப்படிக் கல்வெட்டில் எழுதுவது? முதலில் அவருடைய வயதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அடையாள அட்டையில் 1943 என்று இருக்கு. ஆனால் அது பிழை என்று பெரியப்பா சண்டை பிடிக்கிறார். பிறப்புப் பத்திரம், சாதகம் எதுவும் மிஞ்சவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

பதிவு 2 | பழைய சங்கக்கடை

தம்பி, ஆழ்ந்த அனுதாபம். அப்பாச்சியின் ஆத்மா சாந்தியடையட்டும்.

பிள்ளையார் வணக்கம், திதி வெண்பா இரண்டையும் விடாதீர்கள். வெண்பாவில் மாதம், பட்சம், திதி வரும். வருசத் துவசத்துக்கு நாள் பார்க்க அதைத்தான் எடுப்பார்கள், ஆகவே அது தேவையானது. புலம்பல்களைத் தாராளமாகக் குறைக்கலாம். நான் என் அம்மாவுக்கு அடித்தபோது புலம்பல் பக்கங்களில் அம்மாவின் கைவைத்தியக் குறிப்புகளைப் போட்டேன். சனம் இன்னும் வைத்திருக்கிறது.

வயது விசயத்தில் அட்டையை நம்ப வேண்டாம். அடையாள அட்டை வந்ததே 1972 இல்தான். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அப்போது பிறப்புப் பதிவு கையில் இல்லாவிட்டால் குத்துமதிப்பாக ஒரு வருசம் எழுதினார்கள். அவர் வாயால் சொன்ன சம்பவங்கள் ஏதாவது இருக்கா? அரிசி விலை, வெள்ளம், எலெக்சன், இப்படி?

பதிவு 3 | குளக்கட்டான்

நன்றி அண்ணை. மாமியிடம் கேட்டு எழுதுகிறேன். மூன்று கதை கிடைத்தது.

அப்பாச்சி சாமத்தியப்பட்ட (வயதுக்கு வந்த) வருசம் கூப்பன் அரிசி விலை ஒரேயடியாக ஏறியதாம். நெல் கேட்டு வெளியூர் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்களாம். அவருடைய ஐயா பட்டறையில் இருந்த நெல்லை விற்றுத்தான் சடங்கைப் பெரிதாகச் செய்தார்.

பெரியப்பாவுக்கு முதல் பல் விழுந்தபோது அணிலுக்கு என்று கூரையில் எறிந்தார்கள். இரண்டு நாளில் சூறாவளி வந்து கூரையே போய்விட்டது. பெரியப்பா தன் பல்லால்தான் காற்று வந்தது என்று நெடுநாள் பயந்துகொண்டு திரிந்தாராம்.

மூன்றாவது: முதல் முதல் வாக்குப் போட்ட வருசமே இரண்டு தரம் போட்டேன், இரண்டு தரமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போனேன் என்று சொல்வார்.

பதிவு 4 | ஓலைப்பெட்டி

அருமையான கதைகள். மூன்றும் வருசம் காட்டுகிற கதைகள்தான்.

கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியது 1953. அந்த ஆவணியில்தான் (ஓகஸ்ட்) நாடு முழுக்க ஹர்த்தால் நடந்தது. சாமத்தியம் பதின்மூன்று பதினாலு வயதில் என்றால் பிறந்தது 1939 அல்லது 40.

சூறாவளி 1964 மார்கழி (டிசம்பர்) 22 இரவு. வவுனியாப் பக்கத்தால் கடந்து போய்த் தனுஷ்கோடியை அழித்த அதே புயல். பெரியப்பாவுக்கு அப்போது ஆறு வயது என்றால் அவர் 1958.

ஒரே வருசத்தில் இரண்டு பொதுத்தேர்தல் நடந்தது 1960 இல், பங்குனியிலும் ஆடியிலும். வாக்கு வயதை 21 இல் இருந்து 18 ஆக்கியது 1959. ஆகவே 60 இல் அவருக்குப் பதினெட்டாவது ஆகியிருக்க வேண்டும். அட்டையில் இருக்கிற 1943 சரி என்றால் பதினேழு வயதுதான் வரும். உங்கள் பெரியப்பா சொல்வது சரி. 1939 என்று எழுதலாம், 85 தாண்டி 86.

கல்வெட்டில் வெறும் வருசத்தை மட்டும் போடாமல் இந்த மூன்று கதையையும் போடுங்கள் தம்பி. வன்னியில் பத்திரம் தொலைக்காத வீடு அரிது. கதையை வைத்து வயது கண்டுபிடிக்கலாம் என்று மற்ற வீட்டுக்காரருக்கும் தெரியட்டும்.

பதிவு 5 | கிளாலி96

தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் வளவில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாலை மரம் நின்றதா? அதில் சைக்கிள் ரியூப்பால் கட்டின ஊஞ்சல்?

பதிவு 6 | குளக்கட்டான்

நின்றது அக்கா! 2009 கடைசி யுத்தத்துக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது மரம் இல்லை. அடிக்கட்டை இருக்கு. நீங்கள் ஆர்?

பதிவு 7 | கிளாலி96

கை நடுங்குகிறது, கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன் என்று நினைத்தேன். பொறுக்க முடியவில்லை.

1995 ஐப்பசிக் கடைசியில் சண்டையால் நாங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் சில மாதம். 96 சித்திரைக்கு முந்திக் கிளாலிக் கடல்நீரேரியால் வள்ளத்தில் வன்னிக் கரைக்கு வந்தோம். அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிமார், கண் தெரியாத எங்கள் ஆச்சி. வன்னியில் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. மல்லாவிப் பக்கம் போகச் சொன்னார்கள், அங்கே இடம் இல்லை. லொறிக்காரர் ஒருவர் உங்கள் ஊர்ச் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மழை. ஆச்சியைப் பாயில் சுற்றி அப்பா தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்.

உங்கள் அப்பாச்சி மாடு சாய்த்துக்கொண்டு வந்தவர். எங்களைப் பார்த்தார். "ஆர் எவர்" என்று ஒரு கேள்வி இல்லை. "உந்த மனிசியை முதல் உள்ளுக்கை கொண்டு வாங்கோ" என்றார். மாட்டை அப்படியே விட்டுவிட்டு முன்னே நடந்தார்.

நாங்கள் போனபோது அந்த வளவில் எங்களுக்கு முதல் நாலு குடும்பம் இருந்தது. நாங்கள் ஐந்தாவது. ஆறு மாதம் இருந்தோம். மாட்டுக் கொட்டிலை மெழுகி எங்களுக்குத் தந்துவிட்டு மாட்டை வெளியே கட்டினார். பகலில் கிணற்றுக்கு ஐந்து குடும்பமும் முறை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு ஒன்றுதான், மண்ணெண்ணெய் அப்போது தங்கம் மாதிரி. அந்த விளக்கைத் திண்ணை நடுவில் வைத்து எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் சுற்றி இருத்திப் படிக்க வைப்பார். தான் தள்ளி இருட்டில் இருந்து மிளகாய்க் காம்பு ஆய்வார். எண்ணெய் முடியும் நேரம் அவருக்குத் தெரியும். "கடைசிப் பக்கம், கெதியா வாசியுங்கோ" என்பார்.

எங்கள் ஆச்சி உங்கள் வளவில்தான் மோசம் போனார். பாடைக்குப் பச்சைத் தடி வெட்டினது, பந்தல் போட்டது, பறை சொல்லி விட்டது, எல்லாம் மரணச் சங்கம். நாங்கள் சங்கத்துக்கு ஒரு சதம் சந்தா கட்டாத ஆட்கள். சுடலையால் வந்த பிறகு அப்பா கேட்டார், இதுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று. "நீங்கள் இஞ்சை வந்த அண்டைக்கே உங்கடை பேரைக் கொப்பியிலை எழுதிப்போட்டன், ஆறு மாதச் சந்தா கட்டியிருக்கு" என்றார். ஆர் கட்டினது என்று சொல்லவில்லை. அப்பா நிலத்தில் இருந்து அழுததை அன்றைக்குத்தான் முதல் முதல் பார்த்தேன்.

இப்போது எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள், இருப்பது வெளிநாட்டில். பாலை மரம் பழுக்கிற காலத்தில் பழத்தை மண்ணில் விழாமல் தறப்பாள் விரித்துப் பொறுக்க எங்களைப் பழக்கினார். அந்தப் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு போகாது, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார். அவருடைய விரல் சொரசொரப்பு இப்போதும் என் உதட்டில் தெரியும்.

பதிவு 8 | குளக்கட்டான்

அக்கா, இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "கொட்டில் குடும்பம்" என்றால் மாமிக்கு உடனே தெரிந்தது. உங்கள் ஆச்சி இரவில் திருப்புகழ் பாடுவார் என்று சொன்னா. இதை அப்படியே கல்வெட்டில் போட அனுமதி தருவீர்களா?

பதிவு 9 | கிளாலி96

அனுமதி என்று கேட்காதீர்கள் தம்பி. போடுங்கோ.

பதிவு 10 | கண்ணாடித்துண்டு

நான் தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் சுகாதாரத் தொண்டராக மலேரியா வேலை செய்தவன். உங்கள் அப்பாச்சியை எனக்கு நன்றாகத் தெரியும், எங்களுக்கு அவ ஆச்சி.

அந்தக் காலம் வன்னியில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. இடம்பெயர்ந்த சனம் காட்டோரம் தறப்பாளுக்குள், குளம் முழுக்க நுளம்பு. நாங்கள் விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி எடுக்க வேண்டும். பிள்ளைகள் ஊசியைக் கண்டதும் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். ஆச்சி என்ன செய்தா தெரியுமா? தன்னுடைய விரலை முதலில் நீட்டுவா. ஒவ்வொரு முறையும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் நீட்டுவா. அதைப் பார்த்துப் பிள்ளைகள் வரிசையில் வரும். ஒரு வருசத்தில் அவவின் விரலில் நான் எத்தனை தரம் குத்தினேன் என்று எனக்கே கணக்கில்லை. குளோரோகுயின் கசப்புக்குப் பனங்கட்டித் துண்டு கையில் வைத்திருப்பா, மூன்று நாள் குளிசையும் முடித்த பிள்ளைக்குத்தான் பெரிய துண்டு. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துவதுதான் அப்போது எங்களுக்குப் பெரிய தலையிடி. அதை அவ பனங்கட்டியால் தீர்த்தா.

இந்த நாட்டில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியாக் காய்ச்சல் 2012 இல். 2016 புரட்டாதியில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நீட்டிய விரல்.

பதிவு 11 | முத்தையன்கட்டு வாய்க்கால்

வாசிக்கவே நெஞ்சு நிறைகிறது. தலைப்பில் "சமூக சேவகி" என்று பெரிதாகப் போடுங்கள் தம்பி. சமாதான நீதவான் பட்டம் வாங்கினவர்களை விட இவருக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்.

பதிவு 12 | ஓலைப்பெட்டி

என் கருத்து வேறு. சமூக சேவகி, தொண்டர் என்ற சொற்கள் இவருக்குச் சின்னனாக இருக்கு. அவர் வீட்டு வேலை, ஊர் வேலை என்று பிரித்துச் செய்ததாகத் தெரியவில்லை. மாட்டுக் கொட்டிலைத் தந்தது வீட்டு வேலையா ஊர் வேலையா? எங்கள் பக்கத்தில் "போய்ப் பாக்கிறது" என்ற ஒரு சொல் இருக்கு. ஆருக்கும் சுகமில்லை என்றால் போய்ப் பாக்கிறது, பிள்ளைப்பேறு என்றால் போய்ப் பாக்கிறது, சாவீடு என்றால் போய்ப் பாக்கிறது. அந்தச் சொல்லை வைத்து எழுதுங்கள்.

பதிவு 13 | முத்தையன்கட்டு வாய்க்கால்

ஏற்றுக்கொள்கிறேன் ஓலைப்பெட்டி அண்ணை. ஆனால் பட்டம் தராமல் விட்டுத்தான் எங்கள் பெண்களின் வேலை கணக்கில் வராமல் போனது என்ற ஆதங்கம் எனக்கு இருக்கு. 2009 க்குப் பிறகு ஊர் ஊராகப் பெண்கள்தான் வீட்டைக் கட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், மிதிவெடி அகற்றக் கூடப் போனார்கள். மேடையில் மாலை விழுந்தது வேறு கழுத்துகளில்.

பதிவு 14 | குளக்கட்டான்

இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. கல்வெட்டின் முன்னட்டையில் பெயர் மட்டும், உள்ளே முதல் பக்கத்தில் "நாற்பது வருசம் மரண உதவிச் சங்கப் பொருளாளர்" என்று போடுகிறேன். அது அவர் உண்மையாக வகித்த பதவி.

இப்போது நான் கேட்க வந்த பெரிய விசயம். ஐந்து நாளாக எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

சங்கத்தின் பழைய சீ.ஆர். (தடித்த அட்டைக்) கொப்பிகளை 2009 தையில் வெளிக்கிடும்போது பிளாஸ்ரிக் வாளிக்குள் வைத்து வளவில் தாட்டோம். திரும்பி வந்து கிண்டினால் முழுக்கக் கறையான். ஆனால் ஒரு சின்னக் கொப்பி தப்பியது. 80 பக்க ஒற்றை றூள் கொப்பி. அதை அப்பாச்சி சொப்பின் பையில் சுற்றி மடிக்குள் செருகிக்கொண்டு வந்தார். எட்டுச் செலவு முடிந்த பின்னேரம் அவருடைய றங்குப் பெட்டியைத் திறந்தபோது எடுத்தோம்.

அப்போது எங்கள் சங்கத்தின் விதி இது. சந்தா கட்டுகிற வீட்டில் சாவு என்றால் 5,000 ரூபா, தறப்பாள், கதிரை, பெற்றோல்மாக்ஸ். அந்தக் கொப்பியில் 2009 தை தொடக்கம் வைகாசி வரைக்கும் எங்கள் ஊர்ச் சனத்தில் செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கு. கோடு கீறி ஐந்து பிரிவு: ஆள், எந்த வீடு, இடம், ஆர் நின்றது, குடுத்தது. மொத்தம் 29 வரி.

எனக்கு அப்போது 11 வயது. அவர் பங்கருக்குள் இருந்து பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதைக் கண்டிருக்கிறேன். ஏதோ கணக்கு என்று நினைத்தேன். "ழ" எழுத வராது, எல்லா இடத்திலும் "ள" தான். "இரணைப்பாலை, இரட்டைப் பனைக்குக் கிளக்கு, தமையன் நிண்டது." இப்படி. சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். எழுத்து போகப் போகச் சிறிதாகிறது. பென்சில் முடிந்துவிடும் என்று பயந்திருக்கிறார் போல.

சங்கக் காசு கையில் 43,000 இருந்தது. மாசி வரைக்கும் எட்டு வீட்டுக்கு 5,000 படி கொடுத்திருக்கிறார். பிறகு காசு முடிந்துவிட்டது. 21 வரியில் "குடுத்தது" என்ற இடம் வெறுமை.

அப்புறம்தான் எனக்கு மூச்சு நின்றது. அந்த வெறுமையான இடங்களில் வேறு பேனையால், வேறு வேறு வருசங்களில், ஒவ்வொன்றாகச் சரி போட்டுத் திகதி எழுதியிருக்கு. முதலாவது 2011 ஆனி. நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, தகரக் கொட்டில். ஒரு மாடு வாங்கியிருந்தோம். பால் காசை ஏன் சேர்த்து வைத்திருக்கிறா, எங்களுக்குச் சப்பாத்து வாங்கித் தரலாமே என்று நான் கோவித்துக்கொண்ட வருசம் அது. 2019 வரைக்கும் பதினேழு வீட்டுக்குக் கொடுத்து முடித்திருக்கிறார். நாலு வரி மிச்சம்.

கேள்வி இதுதான். இந்தக் கொப்பியைக் கல்வெட்டில் அச்சடிக்கலாமா? அப்பா அடி என்கிறார். மாமி வேண்டாம் என்கிறா.

பதிவு 15 | முத்தையன்கட்டு வாய்க்கால்

கட்டாயம் அடியுங்கள். இது வரலாறு. ஒரு கிராமத்தின் சாவுகளை அந்தந்த இடத்தில் நின்று எழுதிய ஆவணம் எத்தனை இருக்கு? தொலைந்த பிள்ளைகளைத் தேடி 2017 மாசி (பெப்ரவரி) 20 இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் இருக்கத் தொடங்கிய தாய்மார் கேட்பதும் இப்படி ஒரு வரியைத்தான். எங்கே, எப்போது, ஆர் பார்த்தது.

பதிவு 16 | பழைய சங்கக்கடை

முழுப் பெயரோடு அச்சடிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அந்தியேட்டியில் முந்நூறு பேர் கையில் போகும். தன் பிள்ளையின் பெயரை மற்றவர் வீட்டுக் கல்வெட்டில் ஒரு தாய் திடீரென்று காண்பதை நினைத்துப் பாருங்கள். சில தாய்மார் பிள்ளை உயிரோடு எங்கேயோ இருக்கு என்று இன்னும் விளக்கு வைக்கிறார்கள். உங்கள் அப்பாச்சி அந்தக் கொப்பியைப் பதினாறு வருசம் றங்குப் பெட்டிக்குள் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கும். அவர் காசைக் கொடுக்கப் போனபோது அந்த வரியை அந்த வீட்டாருக்குக் காட்டினாரா என்று முதலில் விசாரியுங்கள்.

பதிவு 17 | ஓலைப்பெட்டி

கொப்பியை முதலில் படம் எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். பென்சில் எழுத்து தேய்ந்து அழியும். ஒட்டு நாடா, பிளாஸ்ரிக் உறை ஒன்றும் போட வேண்டாம். சொப்பின் பையால் எடுத்து வெள்ளைத் தாளில் சுற்றி, கறையான் ஏறாத இடத்தில் வையுங்கள். அச்சடிப்பது பற்றி நான் சங்கக்கடை அண்ணையின் பக்கம்.

பதிவு 18 | குளக்கட்டான்

நேற்றுச் சைக்கிளில் ஆறு வீட்டுக்குப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே கதை. பின்னேரம் போல வந்து திண்ணையில் இருப்பாராம். தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகு காசை வெற்றிலையில் வைத்துக் கொடுத்து, "சங்கம் தர வேண்டினது, பிந்திப்போச்சு" என்பாராம். பிறகு கொப்பியைத் திறந்து, மேல் வரியும் கீழ் வரியும் தெரியாமல் விரலால் மறைத்துப் பிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் காட்டுவார். மூன்று வீட்டில் அதைப் பார்த்துத்தான் இடத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா பார்க்கமாட்டேன் என்றிருக்கிறா. கொப்பியை மூடிவிட்டுக் கறிவேப்பிலைக் கன்றைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தாராம்.

எங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பெயர்கள் அச்சில் வராது. கொப்பியைப் பற்றி எழுதுகிறேன், வரிகளை எழுதமாட்டேன். கேட்டு வருகிற வீட்டாருக்கு அவர்கள் வரியை மட்டும் காட்டுவோம். மிச்சம் உள்ள நாலு வீட்டையும் தேடுகிறோம். சங்கத்தில் இப்போது உதவித் தொகை கூடிவிட்டது, ஆனால் அப்பா, "அம்மா எழுதினது 5,000, அதைத்தான் குடுப்பம்" என்றுவிட்டார்.

பதிவு 19 | நந்திக்கடல் ஓரம்

வணக்கம். இந்தக் களத்தில் எட்டு வருசமாக வாசிப்பவள். இதுதான் என் முதல் பதிவு.

எங்கள் குடும்பமும் அந்த ஊர்தான். 2008 கடைசியில் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை என்று அம்மாவும் தங்கச்சியும் நானும் வவுனியாவுக்கு வந்தோம், பாதை மூடி அங்கேயே நின்றுவிட்டோம். அப்பா தனிய உள்ளே. பங்குனிக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. முகாம் முகாமாகத் தேடினோம். அம்மா 2014 இல் பொட்டோடுதான் போனா.

என்னால் பெயரை இங்கே எழுத முடியாது. உங்களுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன். இருந்தால் சொல்லுங்கோ. இல்லாவிட்டாலும் சொல்லுங்கோ.

பதிவு 20 | மட்டுறுத்துநர்

இந்த இழையில் ஆரும் ஊர்ப் பெயரையோ ஆட்களின் பெயரையோ ஊகித்து எழுத வேண்டாம். தனிமடலில் பேசிக்கொள்ளட்டும்.

பதிவு 21 | குளக்கட்டான்

அக்கா, தனிமடல் பார்த்துவிட்டேன். தொலைபேசியில் கதைப்போம். எழுத்தில் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

பதிவு 22 | கிளாலி96

நந்திக்கடல் அக்கா, உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வற்றாப்பளை அம்மன் துணை. உங்கள் ஊர்ச் சனம் வைகாசிப் பொங்கலுக்கு உழவு இயந்திரத்தில் போகும்போது எங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. உப்புத் தண்ணியில் விளக்கு எரிவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். அந்த விளக்கை இப்போது உங்களுக்காக நினைக்கிறேன்.

பதிவு 23 | நந்திக்கடல் ஓரம்

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

தம்பி என்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அப்பாவின் பெயர் இருக்கிறது. கொடுக்காத நாலு வரியில் ஒன்று எங்களுடையது. ஆச்சி 2012 இல் எங்களைத் தேடிச் செட்டிகுளம் முகாமுக்கு ஆள் அனுப்பியிருக்கிறா, அந்தத் திகதியும் ஓரத்தில் எழுதியிருக்கு. நாங்கள் முகாமில் இருக்கவேயில்லை, வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்தோம்.

நான் இப்போது நாட்டில் இல்லை. வவுனியாவில் இருக்கிற தங்கச்சி நேற்றுப் பஸ் எடுத்துப் போனாள். அவளுக்கு அப்பா போகும்போது பதினாலு வயது. தம்பியின் அப்பா வெற்றிலையில் வைத்துக் காசு கொடுத்தாராம். ஐயாயிரம் ரூபாத் தாள் ஒன்று. வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் போனவள். வாங்கிவிட்டாள். வாங்கியதும்தான் தனக்கு அழுகை வந்தது என்று சொன்னாள். பதினாறு வருசம் எங்கள் வீட்டில் சாவீடு நடக்கவில்லை. பந்தல் இல்லை, பாடை இல்லை, ஆரும் வந்து கட்டிப்பிடித்து அழவில்லை.

அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினாள். அப்பாவின் பெயர். எங்கள் வீட்டின் பழைய அடையாளம், "வான் கட்டடி வீடு". இடம்: "மாத்தளன், பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், வேலி முடியிற இடம், கள்ளிப் பத்தை." "ஆர் நின்றது" என்ற இடத்தில் மற்ற வரிகளில் எல்லாம் தம்பி, மகன், மச்சான் என்று இருக்குமாம். எங்கள் வரியில் "நான்" என்று இருக்கு.

"குடுத்தது" என்ற இடத்தில் தங்கச்சி கையெழுத்து வைத்தாள்.

அந்தியேட்டிக்கு நானும் வருகிறேன், ரிக்கற் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டுச் சார்பில் ஏதாவது செய்ய வேண்டும். கதிரை, பாத்திரம் காணாது என்றால் சொல்லுங்கோ, வவுனியாவில் இருந்து ஏற்றி வருகிறோம்.

பதிவு 24 | குளக்கட்டான்

வாங்கோ அக்கா. கதிரை சங்கத்தில் இருக்கு, பாத்திரமும் இருக்கு. முதல்நாள் பின்னேரமே வந்து நில்லுங்கோ. பலகாரம் சுட மாமிக்கு ஆள் வேண்டுமாம்.